முயல் வீட்டுக்கு இரண்டு வாசல்

சீமெந்தில் மரம் செய்கிற ஒருவரைக் கலியாணம் முடித்தால் வீட்டில் ஒரு கரண்டியும் கரண்டியாக இருக்காது. எனக்குச் சீதனமாக வந்த எவர்சில்வர் கரண்டிகள் ஒவ்வொன்றாகக் குசினியிலிருந்து காணாமற்போய், நுனி தேய்ந்து வளைந்து, ஏதாவது ஒரு ஹோட்டல் தோட்டத்துப் போலிப் பாறைக்குப் பக்கத்தில் கிடந்து அகப்படும். கேட்டால், "மரப்பட்டை கீறுறதுக்கு இதைவிடத் திறமான சாமான் உலகத்தில இல்லை" என்பார் என் கணவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர். அதனால் இரண்டு பேருடைய சண்டையையும் நானே பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் முதலில் ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வை வேலைதான் பார்த்தார். ஒரு ஹோட்டல்காரர் தண்ணீர்ப் பம்பை மறைப்பதற்குப் பாறை ஒன்று கேட்க, இவர் கம்பியும் கோழிவலையும் சீமெந்தும் வைத்து ஒன்றைச் செய்துகொடுத்தார். அந்த ஹோட்டலின் தோட்டக்காரரே வந்து, இந்தக் கல்லை எங்கேயிருந்து ஏற்றி வந்தீர்கள் என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியோடு மனிதர் விழுந்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு, பாறை, அடிமரம், காளான் வீடு, வாய் பிளந்த திமிங்கிலம் என்று இறங்கிவிட்டார். நாட்டில் சண்டை நடக்கிற நேரத்தில் திமிங்கிலத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று நான் கத்தினேன். கொடுத்தார்கள். சண்டைக் காலத்திலும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வரத்தானே செய்கிறது.

நான் காலி வீதியில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் கம்பியூட்டர் வேலை செய்தேன். கடைக்குப் பின்னால் வெட்டும் மெசின் ஒன்று இருந்தது. நான் திரையில் கீறுகிற கோட்டிலேயே அதன் அலகு ஓடி பிளைவூட்டை வெட்டித் தரும். ஒருநாள் இவர் களிமண்ணில் ஒரு காளான் வீட்டைச் செய்துகொண்டு வந்து, "இதைப் பெருசாக்கவேணும், கையால செய்தால் கோணிப் போகுது" என்றார். நான் அதைப் படம் பிடித்து, அளந்து, பாண் வெட்டுவதுபோலத் திரையில் துண்டுதுண்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டையும் மெசின் பிளைவூட்டில் பெரிதாக வெட்டித் தந்தது. அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஒரு பெரிய மிருகத்தின் விலா எலும்புகள் மாதிரி இருக்கும். அதன்மேல் கம்பி வளைத்து, கோழிவலை கட்டி, சீமெந்து பூச வேண்டும். பூசிய சீமெந்து ஈரமும் இல்லாமல் காய்ந்தும் போகாமல் இருக்கிற கொஞ்ச நேரம் ஒன்று உண்டு. கீறுவதெல்லாம் அதற்குள்தான். அந்த நேரத்தில் பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் இவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் நான் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால், அவள் மேசைக்குக் கீழே படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு உள்ளே இருப்பாள். அதற்குப் பெயர் முயல் வீடு. என் காலில் தட்டி, "அம்மா, முயலுக்குப் பசிக்குது" என்பாள். ஒரு பிஸ்கட்டைக் கீழே நீட்டுவேன். வேலை நேரத்தில் இதென்ன தொல்லை என்று எரிந்து விழுந்த நாட்களும் உண்டு.

அந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு என் அக்கா வந்து அவளை வடக்கே கொடிகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா அங்கே கலியாணம் முடித்து, பிள்ளைகள் இல்லாமல் இருந்தவள். அப்போது போர்நிறுத்தத்தால் வடக்குக்குப் போகிற பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து பஸ்கள் ஓடின. பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. போன கையோடு சண்டை திரும்பவும் தொடங்கியது, பாதையைப் பூட்டிவிட்டார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்குகிறவர்கள்கூட, "பாதை பூட்டியாச்சாம்" என்று மழை வரப்போகிறது என்பதுபோலச் சொல்லிக்கொண்டு போனார்கள். என் பிள்ளை அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

அதற்குப் பிறகு நான் சண்டை பிடிக்காத ஆள் கிடையாது. விமான ரிக்கெற் கவுண்டரில் பிடித்தேன். கப்பலில் இடம் கேட்டு நின்ற வரிசையில் பிடித்தேன். பிள்ளையைத் தெரிந்தவர்களோடு ஏற்றிவிட அக்காவுக்கு ஆமியின் பயண அனுமதி, அந்தக் கிளியரன்ஸ், கிடைக்கவில்லை. கிடைத்தபோது விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்தபோது கிளியரன்ஸின் காலம் முடிந்துவிட்டது. இவர் என்னோடு வந்து நிற்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கத்து இருக்கையை விட்டுத்தருவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

அந்த நாட்களில்தான் தெஹிவளையில் ஒரு ஹாஜியாரின் வேலை வந்தது. அவர் துணி வியாபாரி. தன் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டியிருந்தார். பின்வளவில் ஒரு சிறு காடு வேண்டும் என்றார். சிரிக்கிற மரம், காளான் வீடு, இன்னும் ஏதாவது. "நீங்க மனசில நெனச்சத செய்ங்க. புள்ளைகள் ஊட்டுக்குப் போக மாட்டேன் எண்டு அழவேணும். அவ்வளவுதான் எனக்கு" என்றார். இவர் யோசிக்கவே இல்லை. "முயல் வீடு ஒண்டு செய்யிறன் ஹாஜியார்" என்றார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தால் கோபம் மாதிரித்தான் வெளியே தெரியும்.

அக்கா கிழமைக்கு ஒருதடவை ஒரு தொலைபேசிக் கடைக்கு அவளைக் கூட்டி வருவாள். வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், லைனில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயம் வேறு. அதனால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். "சுகமா இருக்கிறம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீ யோசியாதை" என்பதோடு சரி. மகளும் வரவரக் கதை குறைந்துபோனாள். என்ன சாப்பிட்டாய் என்றால் "சோறு" என்பாள். பள்ளிக்கூடம் போனாயா என்றால் "ம்" என்பாள். என்னோடு கதைக்க அவளுக்கு ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. அது எனக்கு எவ்வளவு நொந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். தொலைபேசியை வாங்கி, "குஞ்சு, அப்பா உமக்கு முயல் வீடு கட்டுறன். சீமெந்தில. உண்மையான வீடு" என்றார். அவள் கேட்டாள், "நிலத்துக்குக் கீழேயா அப்பா?"

"ஓம், பாதி கீழே. முயல் வளை தானே?"

"நேரா கட்டாதேங்கோ. உள்ளுக்குப் போய் ஒருக்கா வளையவேணும்."

இவருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். முயல் வளை உண்மையிலேயே வளைந்துதான் போகும், இந்தப் பிள்ளை அதை எங்கே கண்டது என்று வீடு முழுக்க நடந்து நடந்து சொன்னார். நான் திரையில் இருந்த நேரான பாதையை அழித்துவிட்டு வளைத்துக் கீறினேன். விலா எலும்புகள் எல்லாம் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. கடை முதலாளி முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டேன்.

அடுத்த முறை அவளே தொலைபேசிக்கு வந்ததும் கேட்டாள். "அப்பா, எத்தினை வாசல் வைக்கிறீங்கள்?"

"ஒண்டு. வடிவான வாசல்."

"ரெண்டு வையுங்கோ. அங்கால ஒண்டு."

"ஓமோம், நரி வந்தால் மற்றப் பக்கத்தால ஓடலாம், என்ன?" என்று இவர் சிரித்தார். அவள் கொஞ்சம் யோசித்து, "ஓம்" என்றாள்.

அவள் அப்படிக் கதைத்ததைக் கேட்டு எனக்கும் உயிர் வந்தது. ஒரு வசனத்துக்கு மேல் பேசாத பிள்ளை, முயல் வீடென்றால் கேள்விமேல் கேள்வி கேட்கிறாளே. இவளைக் கட்டாயம் எஞ்சினியருக்குப் படிப்பிக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் அன்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு தீர்மானித்தோம். அவள் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவதாக அவள் கேட்டது மண். கூரைக்கு மேல் எவ்வளவு மண் போடுவீர்கள் என்றாள். புல் முளைக்கிற அளவுக்கு என்றார் இவர். "காணாது அப்பா" என்றாள், போதாதாம். அந்தக் குரலை அப்படியே செய்துகாட்டி இவர் ஹாஜியாருக்கும் மேசன்மாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் சொன்னதைச் செய்தார். மண் கூடினால் பாரம் கூடும் என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் தடித்த கம்பி வாங்கி நெருக்கமாகக் கட்டினார். ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, "என்ன, முயலுக்குப் பங்களாவா கட்டுறீங்க?" என்றார்.

வாசல் என் பங்கு. வாய் திறந்த முயல் முகமாகக் கீறினேன். மேலே இரண்டு காது, கீழே இரண்டு பல். பெரியவர்கள் நுழைய முடியாத அளவுக்குத்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பிறந்தநாள் வீடுகளில் மாமாமார் பிள்ளைகளின் ஊஞ்சலில் ஏறி இருந்து படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஒரு இடமாவது பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் அளவு வேண்டுமே. வாசல் என் மகளுக்குப் பொருந்தவேண்டும். அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அக்காவிடம், "அவளைச் சுவரோட நிப்பாட்டி உயரத்தை அளந்து சொல்லு" என்றேன்.

"வளர்ற பிள்ளையை ஆரும் அளப்பினமே? நாவூறு படும். பெத்த தாய் நீ இதைக் கேக்கலாமே?" என்றாள் அக்கா. நான் கத்தினேன். அவள் வைத்துவிட்டாள். அடுத்த முறையும் கேட்டேன், அடுத்த முறையும் மாட்டேன் என்றாள். கடைசியில் எங்கள் மேல்மாடியில் அதே வயதில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டு, உயரத்தையும் தோள் அகலத்தையும் நாடாவால் அளந்தேன். அந்தத் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சட்டை தைக்கவா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாசலுக்கு வெட்டிய துண்டுகளை ஓட்டோவில் ஏற்றித் தெஹிவளைக்குக் கொண்டுபோன அன்று, காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்து, "மேவா மொனவத?" என்று, இதெல்லாம் என்னவென்று சிங்களத்தில் கேட்டான். இவர் ஒரு கலக்கமும் இல்லாமல், "ஹாவாகே கெதர" என்றார். முயலின் வீடு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். தமிழ் ஆட்கள், விளங்காத வடிவத்தில் பலகைத் துண்டுகள். நான் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இவரோ நடைபாதையில் குந்தியிருந்து, துண்டுகளை வரிசைப்படி நிறுத்திக் காட்டத் தொடங்கிவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் பார்த்தது. முயல் முகம் எழும்பியதும் அந்த ஆமிக்காரன் குனிந்து வாசலுக்குள்ளால் எட்டிப் பார்த்துச் சிரித்தான். தனக்கும் ஊரில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னான். எங்களுக்கும் ஒருத்தி இருக்கிறாள், பார்க்கத்தான் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. நான் வாயை அடக்கிய நாட்கள் குறைவு. அது ஒன்று.

உள்வேலை எல்லாம் முடித்து, கடைசியாக வாசல் முகத்தைப் பொருத்தினோம். வேர்கள் தொங்குகிற சுவர், கரட் வைக்க ஒரு தட்டு, சுவரோடு சேர்ந்த சின்னத் திண்டு, எல்லாம் என் கரண்டியால் கீறியவை. கையுறை போடும் என்றால் கேட்க மாட்டார். சீமெந்து அவருடைய விரல் நுனிகளை அரித்துப் புண்ணாக்கியிருந்தது. ஹாஜியார் மண்டபத்தைத் திறந்து விழாக்களை நடத்தத் தொடங்கினார். ஆனால் முயல் வீட்டின் இரண்டு வாசலையும் பலகையால் மூடி வைத்தார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே செய்தார். "உங்கட மகள் வந்துதான் இதுக்குள்ள முதல்ல போகவேணும். நான் வாக்குக் குடுத்தீக்கி" என்றார். யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஒரு வருடத்துக்கு மேலான பிறகு அவள் வந்தாள். அக்காவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தெரிந்த ஒரு ஆசிரியையின் குடும்பத்தோடு விமானத்தில் வந்து இறங்கினாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முழங்கால் இரண்டும் தழும்பாக இருந்தன. நான் கட்டிப் பிடித்தபோது, "சுகமா இருக்கிறீங்களா அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். விருந்தாளியாக வந்த பிள்ளையைப் போல.

மாடிவீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், பல்கனியில் நின்று கீழே பார்த்தாள். "எங்க, அம்மா?" என்றாள். விளையாட்டுச் சாமான்களைத் தேடுகிறாள் என்று நினைத்து, பெட்டியோடு எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு பொம்மையை எடுத்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

இரண்டொரு நாளில் தெஹிவளைக்குக் கூட்டிப் போனோம். ஹாஜியார் தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக்கு வந்தார். அவளுக்கு நான்கு வயது இருக்கும், ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை. இவர் பலகைகளைக் கழற்றினார். மகள் உள்ளே பாய்ந்து ஓடுவாள் என்று நான் இவ்வளவு காலமும் மனதுக்குள் பார்த்து வைத்திருந்தேன். அவள் ஓடவில்லை. பின்பக்கம் போய் மற்ற வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள். கூரைமேல் ஏறி நின்று காலால் மண்ணை உதைத்துப் பார்த்தாள். "இப்ப காணும் அப்பா" என்றாள். இவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். அவள் வாசலுக்கு வந்து தோளை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. மேல்மாடிப் பிள்ளைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அந்த நேரம் முன்பக்கத்தில் யாரோ மண்டபத்தின் இரும்பு ஷட்டரை இழுத்துவிட்டார்கள். அது தடதடவென்று இறங்கி நிலத்தில் மோதியது. நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொழும்பில் ஷட்டர் சத்தம் ஒரு சத்தமா?

மகள் ஹாஜியாரின் பேத்தியைப் பிடரியில் பிடித்து வாசலுக்குள் தள்ளி, பின்னாலேயே தானும் நுழைந்துவிட்டாள். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய குரல் கேட்டது. "குப்புறப் படு. காதைப் பொத்து. வாயைத் திறந்து வைச்சிரு, மூடாதை, மூடினால் காது வெடிச்சுப் போம்." அழுகை இல்லை, பதற்றம் இல்லை. தினமும் செய்கிற ஒரு வேலையைச் செய்கிற குரல். ஹாஜியாரின் பேத்தி இது புதுவிளையாட்டு என்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள்.

இவர் அப்படியே கழற்றிய பலகைமேல் குந்திவிட்டார். "வளைவு, ரெண்டு வாசல், மண்..." என்று புண்ணான விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "இஞ்சாரும், அவள் கேட்டது முயல் வீடில்லை" என்றார்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த எங்களுக்குப் பங்கரைப் பற்றி என்ன தெரியும்? ஷெல் துண்டு வளைவில் திரும்பி உள்ளே வராது. ஒரு வாசல் இடிந்து மூடினால் மற்றதால் வெளியே வரலாம். மேலே மண் காணாவிட்டால் கூரை தாங்காது. இதெல்லாம் அக்காவின் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கரில் படித்தது. அப்பா சரியாகக் கட்டவேண்டுமே என்று தொலைபேசிக் கடையில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்திருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் இருக்கிற இடத்தில் பங்கர் இல்லை என்ற பயம் அவளுக்கு. மாடிவீட்டில் அவள் தேடியதும் அதைத்தான்.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏன் வெளியில நிக்கிறீங்கள்? கெதியா வாங்கோ. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நான் மண்ணில் விழுந்து வாசலுக்குள் தலையை நுழைத்தேன். தோள் முட்டியது. பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தேன், கையை முதலில் விட்டுப் பார்த்தேன். நான் கீறிய வாசல், நான் பிடிவாதமாக வைத்த அளவு. ஒரு விரற்கடைகூட விட்டுத்தரவில்லை.

"வாசல் சின்னன், குஞ்சு" என்றேன். "இது பிள்ளையளுக்கு மட்டும்."

"அப்ப நீங்கள்?" என்றாள்.

என் தலை மட்டும்தான் உள்ளே இருந்தது. அவள் முழங்காலில் ஊர்ந்து வளைவைத் தாண்டி வந்தாள். தன் காதுகளைப் பொத்தியிருந்த கைகளை எடுத்து, என் காதுகளைப் பொத்தினாள்.